முட்டையில் முத்திரை, மாம்பழத்தில் பிளாக்செயின்

அடுத்த முறை வீட்டில் முட்டைத் தட்டை எடுக்கும்போது ஒரு முட்டையைத் திருப்பிப் பாருங்கள். மலேசியாவிலிருந்து வந்த முட்டை என்றால் அதன் ஓட்டில் சில எழுத்துகளும் எண்களும் அச்சிடப்பட்டிருக்கும். அது எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்பதைக் காட்டும் குறியீடு அது.

2021 மார்ச் மாதத்தில் அந்தக் குறியீடு நமக்குக் கைகொடுத்தது. சிலாங்கூரில் உள்ள ஒரு பண்ணையிலிருந்து வந்த முட்டைகளில் சல்மொனெல்லா கிருமி இருப்பதைக் கண்டறிந்த சிங்கப்பூர் உணவு அமைப்பு, அவற்றைத் திரும்பப் பெறும்படி இறக்குமதியாளர்களுக்கு உத்தரவிட்டது. ‘சிஇஎஸ்008’ என்ற முத்திரையைக் கொண்டு, எந்த முட்டை அந்தப் பண்ணையுடையது என்பதை ஒவ்வொருவரும் தம் சமையலறையிலேயே தெரிந்துகொள்ள முடிந்தது. இதற்குக் கணினி தேவைப்படவில்லை, செயலியும் தேவைப்படவில்லை.

முட்டைக்கு இது சரி. கங்கோங் கீரைக்கு? மீனுக்கு? மசாலாத் தூளுக்கு? அவை எங்கிருந்து வந்தன, யார் யார் கை மாறின என்பதை நாம் எப்படித் தெரிந்துகொள்வது? இந்தக் கேள்விக்குக் கடந்த சில ஆண்டுகளாக அடிக்கடி சொல்லப்படும் விடை, பிளாக்செயின். அது எந்த அளவுக்குச் சரியான விடை?

பெட்டியிலிருந்து கூடைக்கு

நான் வசிக்கும் கிளமெண்டியில், அவென்யூ 3, புளோக் 448ல் ஓர் ஈரச்சந்தை இருக்கிறது. அங்கிருந்து சில நிமிட நடையில் பேரங்காடிகள். காய்கறி, பழங்களின் மொத்த விற்பனை நடக்கும் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையும் அதிகத் தொலைவில் இல்லை.

சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. 180க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்தும் வட்டாரங்களிலிருந்தும் உணவு வருகிறது. அப்படி வரும் காய்கறி, பழப் பெட்டிகள் ஒவ்வொன்றிலும் விளைவித்தவரின் பெயர், முகவரி, பொருளின் விவரம், ஏற்றுமதி செய்த அல்லது பொதியிட்ட தேதி ஆகியவை இருக்க வேண்டும் என்பது உணவு அமைப்பின் விதி. ஆகவே, மொத்தச் சந்தை வரைக்கும் பெட்டியே தன் ஊரைச் சொல்லிவிடும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். கடைக்காரர் பெட்டியைப் பிரித்துக் காய்களைக் கூடையில் கொட்டுகிறார். நேற்று வாங்கிய கத்தரிக்காயும் இன்று வேறு வியாபாரியிடம் வாங்கிய கத்தரிக்காயும் ஒரே கூடையில் சேர்கின்றன. பெட்டி குப்பைக்குப் போகிறது. அதோடு விவரமும் போய்விடுகிறது.

அதன்பின் அங்கே வேலை செய்வது பழகிய முகங்களின் மீதுள்ள நம்பிக்கை. பத்து ஆண்டாக ஒரே அங்கிளிடம் மீன் வாங்கும் பாட்டி எந்தக் குறியீட்டையும் வருடிப் பார்ப்பதில்லை. மோசமான மீனைக் கொடுத்தால் மறுநாள் பாட்டி வர மாட்டார் என்பது அங்கிளுக்குத் தெரியும். அந்த நம்பிக்கை உண்மையானது, மதிப்புமிக்கது. ஆனால் அது கடைக்காரர் வரைதான் எட்டும். அவருக்கும் முன்னால் இருக்கும் மொத்த வியாபாரி, லாரி, துறைமுகம், ஏற்றுமதியாளர், விவசாயி ஆகியோரை அவரும் பார்த்ததில்லை.

நாளிதழில் அச்சான கைரேகை

பிளாக்செயின் என்றதும் பலருக்கு பிட்காயின் நினைவுக்கு வரும். ஆனால் அதன் அடிப்படைக் கருத்து பிட்காயினைவிடப் பழையது. 1991ல் ஸ்டுவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கேள்வியை எழுப்பினர்: மின்னிலக்க ஆவணம் ஒன்றை யாரும் பின்னால் திருத்தவில்லை என்பதை எப்படி நிரூபிப்பது?

அவர்கள் பயன்படுத்திய கருவி ‘ஹேஷ்’. எந்த ஆவணத்தைக் கொடுத்தாலும் அதிலிருந்து ஒரு குறிப்பிட்ட நீளமுள்ள குறியீட்டை உருவாக்கும் கணித முறை அது. மின்னிலக்கக் கைரேகை என்று வைத்துக்கொள்ளலாம். ஆவணத்தில் ஒரே ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் கைரேகை முழுவதும் மாறிவிடும். கைரேகையை வைத்துக்கொண்டு ஆவணத்தைத் திரும்ப உருவாக்கவும் முடியாது.

ஒவ்வொரு புதிய பதிவுடனும் முந்தைய பதிவின் கைரேகையையும் சேர்த்துக்கொண்டே போனால் அது சங்கிலியாகிறது. நடுவில் ஒரு கண்ணியைத் திருத்தினால் அதற்குப் பிறகு வரும் எல்லாக் கண்ணிகளும் பொருந்தாமல் போய்விடும். இந்த முறையில் இயங்கிய நிறுவனம் ஒன்று, 1995 முதல் வாரந்தோறும் தன் சங்கிலியின் கைரேகையை நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் அறிவிப்புப் பகுதியில் அச்சிட்டது. நாளிதழ் பல லட்சம் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட பிறகு, அதில் உள்ளதை யாரால் மாற்ற முடியும்?

2008ல் சத்தோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வெளிவந்த பிட்காயின் கட்டுரை, ஹேபர், ஸ்டோர்னெட்டா இருவரின் ஆய்வுகளை மேற்கோள் காட்டியது. நாளிதழ் செய்த வேலையை அது கணினிகளிடம் ஒப்படைத்தது. ஒரே பேரேட்டின் பிரதியைப் பலரும் வைத்திருப்பார்கள். ஒருவர் தன் பிரதியைத் திருத்தினால் மற்றவர்களின் பிரதிகள் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

உணவுத் துறையில் பெரும்பாலும் பயன்படுவது பிட்காயின் போல யாரும் சேரக்கூடிய வலையமைப்பு இல்லை. விவசாயி, ஏற்றுமதியாளர், கப்பல் நிறுவனம், பேரங்காடி என்று அனுமதி பெற்றவர்கள் மட்டும் எழுதும் பேரேடு அது. அதனால் பிட்காயினுக்கு ஆவதுபோல் பெருமளவு மின்சாரமும் அதற்குத் தேவையில்லை.

ஏறக்குறைய ஏழு நாள், 2.2 விநாடி

உணவில் பிளாக்செயின் பற்றிப் பேசுவோர் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனத்தில் உணவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்த ஃபிராங்க் யானஸ், நறுக்கிய மாம்பழப் பொட்டலம் ஒன்றைத் தன் குழுவினரிடம் கொடுத்து, இது எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். விடை கிடைக்க 6 நாள், 18 மணி, 26 நிமிடம் ஆனது. ஐபிஎம் நிறுவனத்துடன் சேர்ந்து பிளாக்செயின் முறையைச் சோதித்தபோது அதே கேள்விக்கு 2.2 விநாடியில் விடை வந்தது.

இந்த வேகம் உயிர்காக்கும் விஷயம். 2018ல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் யூமா வட்டாரத்தில் விளைந்த ரோமெய்ன் கீரையால் ஈ-கோலி கிருமி பரவி 210 பேர் நோயுற்றனர். ஐவர் இறந்தனர். யூமாவிலிருந்து வந்த கீரையை உண்ண வேண்டாம் என்று அதிகாரிகள் எச்சரித்தார்கள். ஆனால் தட்டில் இருக்கும் கீரை யூமாவிலிருந்து வந்ததா என்பது பெரும்பாலானோருக்குத் தெரியவில்லை. நல்ல கீரையும் சேர்ந்தே குப்பைக்குப் போனது. அதே ஆண்டு செப்டம்பரில், பிளாக்செயின் பதிவு முறையில் சேரும்படி வால்மார்ட் தனக்குக் கீரை வழங்குவோரைக் கேட்டுக்கொண்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏழு நாள் இரண்டு விநாடியாகக் குறைந்ததற்குக் காரணம் ஹேஷ் மட்டும்தானா? அதற்கு முன் தாளிலும் தொலைநகலிலும் வெவ்வேறு கணினிகளிலும் கிடந்த விவரங்களை எல்லாரும் ஒரே வடிவத்தில், ஒரே இடத்தில் பதியத் தொடங்கினார்கள். வேகத்தின் பெரும்பகுதி அதிலிருந்து வந்தது. ஒரு சாதாரணத் தரவுத்தளமும் 2.2 விநாடியில் பதில் சொல்லும்.

அப்படியானால் பிளாக்செயின் எதற்கு? ஒருவரை ஒருவர் முழுதாக நம்பாத பலர் ஒரே பேரேட்டில் எழுத வேண்டும், ஆனால் அந்தப் பேரேட்டை யாரிடமும் தனியாக ஒப்படைக்க மனமில்லை என்ற நிலையில்தான் அது தேவைப்படுகிறது. இந்த நிபந்தனையை மனத்தில் வைத்துக்கொண்டு நம் ஊரைப் பார்க்கலாம்.

பொய்யை எழுதினால் பொய்தான் நிலைக்கும்

2020 டிசம்பரில் ஜோகூரில் ஒரு கிடங்கைச் சோதனையிட்ட மலேசிய அதிகாரிகள், வெளிநாட்டிலிருந்து வந்த உறைய வைக்கப்பட்ட இறைச்சியில் போலி ஹலால் முத்திரைகள் ஒட்டப்படுவதாகக் கண்டனர். அந்தச் செய்தி மலேசிய முஸ்லிம்களிடையே பெரும் கொதிப்பை ஏற்படுத்தியது. பலர் பிளாக்செயின் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது என்றே நினைப்பார்கள்.

போலிச் சான்றிதழைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மை. சான்றிதழ் வழங்கும் அமைப்பே அதன் கைரேகையைப் பேரேட்டில் பதிந்துவிட்டால், கணினியில் வரைந்த போலிச் சான்றிதழ் பிடிபட்டுவிடும். ஆனால் உண்மையான சான்றிதழ் உள்ள பெட்டியில் வேறு இறைச்சியை வைத்தால்? பேரேடு பெட்டியைத் திறந்து பார்க்காது. ஒரு பதிவு எழுதப்பட்ட பிறகு அதை யாரும் திருத்தவில்லை என்று மட்டுமே பிளாக்செயின் உறுதி சொல்லும். எழுதும்போதே பொய் எழுதப்பட்டிருந்தால் அந்தப் பொய்யும் அழியாமல் நிலைத்துவிடும்.

நமக்கு நெருக்கமான இன்னோர் எடுத்துக்காட்டு. 2024 ஏப்ரலில், இந்தியாவிலிருந்து வந்த எவரெஸ்ட் மீன் கறி மசாலாவைத் திரும்பப் பெறும்படி சிங்கப்பூர் உணவு அமைப்பு உத்தரவிட்டது. அதில் எத்திலீன் ஆக்சைடு என்ற வேதிப்பொருள் அனுமதிக்கப்பட்ட அளவைவிடக் கூடுதலாக இருந்தது. முதலில் அதைக் கண்டறிந்தது ஹாங்காங்கின் உணவுப் பாதுகாப்பு நிலையம்.

ஒரு மசாலாப் பொட்டலத்தில் மிளகாய், மல்லி, மஞ்சள், மிளகு என்று பல பொருள்கள் இருக்கும். ஒவ்வொன்றும் வெவ்வேறு ஊரில் விளைந்து, வெவ்வேறு சந்தையில் விலைபோய், ஒரே ஆலையில் அரைபடுகிறது. எந்தப் பொருளுக்கு, எந்த இடத்தில், எப்போது அந்த வேதிப்பொருளால் புகையூட்டப்பட்டது என்று தேடுவதற்கு நல்ல பதிவேடு பெரிதும் உதவும். ஆனால் பிரச்சினை இருப்பதைக் கண்டுபிடித்தது பதிவேடு அல்ல. ஆய்வுக்கூடத்தில் ஒரு பொட்டலத்தைப் பிரித்துச் சோதித்தவர்கள்தான் கண்டுபிடித்தார்கள்.

ஆகவே, பிளாக்செயின் வந்தால் சோதனையாளர் வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சொல்லப்போனால், அது வந்த பிறகு சோதனையாளரின் கையெழுத்துக்கு மதிப்பு கூடுகிறது.

எல்லைக்கு உள்ளே, எல்லைக்கு வெளியே

சிங்கப்பூருக்குள் உணவுச் சங்கிலி குட்டையானது. இறக்குமதியாளர்கள் உரிமம் பெற்றவர்கள். எல்லாரையும் மேற்பார்வையிட, 2019 ஏப்ரலில் தொடங்கப்பட்ட உணவு அமைப்பு இருக்கிறது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய உணவுப் பாதுகாப்பு தொடர்பான புதிய சட்டம், உணவின் தடத்தைக் கண்டறிவதற்கான பொறுப்பை வணிகங்களுக்கு மேலும் அதிகரிக்கிறது. அது 2028க்குள் கட்டம் கட்டமாக நடப்புக்கு வரவிருக்கிறது.

எல்லாரும் நம்பும் ஒரு பொது அமைப்பு இருக்கும் இடத்தில், பேரேட்டை அதனிடம் கொடுத்துவிடலாம். உள்ளூர் உணவு என்றால் சங்கிலி இன்னும் குட்டை. 2019ல் அங் மோ கியோவில் ஒரு வீவக கார் நிறுத்துமிடத்தின் மாடியில் சிட்டிபோனிக்ஸ் பண்ணை தொடங்கப்பட்டது. அதன் கீரை அருகிலுள்ள பேரங்காடியிலேயே விற்கப்பட்டது. வாங்குபவர் நடந்தே போய்ப் பார்க்கக்கூடிய பண்ணைக்குப் பிளாக்செயின் வேண்டுமா? 2020ல் உணவு அமைப்பு அறிமுகப்படுத்திய உள்ளூர் விளைபொருள் முத்திரை போன்ற எளிய அடையாளமே போதுமானதாக இருக்கலாம்.

எல்லைக்கு வெளியே கதை வேறு. சிங்கப்பூர் அதிகாரி மெக்சிகோ விவசாயியின் கணக்கைக் கேட்க முடியாது. மெக்சிகோ ஏற்றுமதியாளரோ சிங்கப்பூர் வியாபாரியின் பேச்சை மட்டும் நம்ப விரும்பமாட்டார். பழம் அழுகி வந்தது என்று வாங்கியவர் சொல்வார், நல்ல பழத்தைத்தான் அனுப்பினேன் என்று விற்றவர் சொல்வார். சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட டிமுத்தோ நிறுவனம் இந்த இடத்தில்தான் தன் தொழிலை அமைத்துக்கொண்டது. பழங்களுக்கும் பெட்டிகளுக்கும் கியூஆர் குறியீடு ஒட்டி, படங்களையும் வணிக ஆவணங்களையும் பிளாக்செயினில் இணைத்துப் பதிவது அதன் முறை.

அரசாங்கத்தின் அணுகுமுறையும் இதை ஒட்டியதே. தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் உருவாக்கிய ‘டிரேட்டிரஸ்ட்’ கட்டமைப்பு, எல்லை தாண்டிச் செல்லும் வணிக ஆவணங்களின் உண்மைத்தன்மையைச் சரிபார்க்க பிளாக்செயினைப் பயன்படுத்துகிறது. மின்னணுக் கப்பல் சரக்கு ஆவணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைக்க 2021ல் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டமும் திருத்தப்பட்டது.

எனினும், எல்லா முயற்சியும் வெல்வதில்லை. கப்பல் நிறுவனமான மெர்ஸ்க், ஐபிஎம் நிறுவனத்துடன் சேர்ந்து தொடங்கிய ‘டிரேட்லென்ஸ்’ தளம் 2023ன் தொடக்கத்தில் மூடப்பட்டது. தொழில்நுட்பம் பழுதானதால் அது மூடப்படவில்லை. உலகளவில் துறை முழுவதும் ஒத்துழைக்கும் நிலை உருவாகவில்லை என்று அதன் உரிமையாளர்களே அறிவித்தார்கள். போட்டி நிறுவனம் நடத்தும் பேரேட்டில் தன் கணக்கை எழுத யார் ஆசைப்படுவார்கள்?

செலவு யாருக்கு, லாபம் யாருக்கு?

நாம் அதிகம் பேசாத கேள்வி இது. பேரங்காடி கேட்கும் விவரங்களை வயலில் நின்று பதிபவர் விவசாயி. கைப்பேசி அவருடையது, நேரம் அவருடையது. தவறு நடந்தால் முதலில் பிடிபடுபவரும் அவரே. ‘நம்பகமான உணவு’ என்று கூடுதல் விலைக்கு விற்பது யார்?

இந்தியக் காப்பி வாரியம் 2019 மார்ச்சில் பிளாக்செயின் அடிப்படையிலான காப்பிச் சந்தை ஒன்றை முன்னோட்டமாகத் தொடங்கியபோது சொன்ன நோக்கம் இந்தக் கேள்வியைத் தொட்டது. குடகு, சிக்மகளூர், வயநாடு போன்ற இடங்களில் நிழல்மரங்களுக்கு அடியில் விளையும் நல்ல காப்பி, பல கை மாறி, கலவையில் கலந்து, தன் ஊரின் பெயரை இழந்துவிடுகிறது. கடைசியில் கொடுக்கப்படும் விலையில் சிறு பங்குதான் விவசாயிக்குக் கிடைக்கிறது. ஊர்ப் பெயர் வாங்குபவர் வரை போய்ச் சேர்ந்தால் விலையும் ஓரளவு திரும்பி வரும் என்பது எதிர்பார்ப்பு. தடமறியும் திட்டம் எதையும் எடைபோட இது நல்ல அளவுகோல்: வாங்குபவருக்குத் தோட்டம் தெரிகிறதா என்று கேட்பதோடு, தோட்டத்துக்குச் சந்தை விலை தெரிகிறதா என்றும் கேட்க வேண்டும்.

நம் உள்ளூர்ப் பண்ணைகளுக்கும் இது பொருந்தும். 2030க்குள் உணவுத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூரிலேயே உற்பத்தி செய்வது என்று 2019ல் வகுக்கப்பட்ட இலக்கு, 2025 நவம்பரில் மாற்றப்பட்டது. 2035க்குள் நார்ச்சத்து உணவில் 20 விழுக்காடு, புரத உணவில் 30 விழுக்காடு என்பது புதிய இலக்கு. முட்டையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்போதே இங்கு உற்பத்தியாகிறது. காய்கறியிலோ மிகச் சிறிய பங்குதான். செலவைச் சமாளிக்கத் திணறும் பண்ணைக்கு இன்னொரு மென்பொருள் கட்டணம் உதவியா, சுமையா என்பதை அந்தப் பண்ணையின் கணக்கைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கிளமெண்டி ஈரச்சந்தைக் கடைக்காரருக்கும் அப்படியே. விடியுமுன் எழுந்து வேலை செய்யும் ஒருவரிடம், ஒவ்வொரு கூடைக்கும் செயலியில் பதிவு செய்யுங்கள் என்று சொல்வது எளிது. அதற்குப் பதிலாக, பெட்டியில் ஏற்கெனவே உள்ள விவர அட்டையைக் கிழித்துக் கூடையில் செருகி வைத்தால்கூட வாங்குபவருக்கு ஊரும் தேதியும் தெரிந்துவிடும். அதற்கு ஒரு காசும் செலவில்லை.

மாணவர்கள் என்ன செய்யலாம்?

பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ கணினியியல், உணவு அறிவியல், வணிகம் படிப்பவர்களுக்கு இந்தத் துறை நல்ல திட்டப்பணிகளைத் தரும். நிரல் எழுதத் தெரிந்தவர் ஒரு மாலைப் பொழுதில் சிறு சங்கிலி ஒன்றை உருவாக்கிவிடலாம். ஐந்து பதிவுகளை எழுதி, மூன்றாவதில் ஓர் எழுத்தை மாற்றிப் பாருங்கள். நான்காவதும் ஐந்தாவதும் பொருந்தாமல் போவதைக் கண்ணால் கண்டால் பாடநூலில் படிப்பதைவிட நன்றாகப் புரியும்.

அதைவிடக் கடினமான பயிற்சி ஒன்றும் உண்டு. வீட்டில் இன்று சமைத்த குழம்பில் உள்ள ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கடை, மொத்த வியாபாரி, இறக்குமதியாளர் என்று எத்தனை படி பின்னால் போக முடிகிறது என்று பாருங்கள். எந்தப் படியில் தடம் அறுந்துபோகிறதோ, அங்கே இருப்பது தொழில்நுட்பக் குறையா, பழக்கத்தின் குறையா, சொல்ல விருப்பமின்மையா என்று யோசியுங்கள். பிளாக்செயின் முதலாவதற்கு மட்டுமே மருந்து.

இனி ஒரு பொட்டலத்தின் கியூஆர் குறியீட்டை வருடும்போது அழகான பண்ணைப் படமும் ‘பிளாக்செயினால் உறுதி செய்யப்பட்டது’ என்ற வாசகமும் வரக்கூடும். அப்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த விவரத்தை எழுதியவர் யார்? எழுதியது சரியா என்று நேரில் பார்த்தவர் யார்? பொய் என்று தெரிந்தால் பொறுப்பேற்பவர் யார்? மூன்றுக்கும் பெயர் சொல்லும் நிறுவனத்தின் உணவை நம்பி வாங்கலாம், பிளாக்செயின் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.